முந்திக் கதிர் வந்த மூலை

அண்ணி,

கீழப்பழுவூரில் ஏறியதிலிருந்து என் காலடியில் ஓர் உரச்சாக்கு இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு முடி நெல் நாற்று, கட்டுக் கட்டாக. வேரில் ஒட்டிய சேற்றுத் தண்ணீர் சாக்கின் தையல் வழியாகக் கசிந்து, பஸ் பிரேக் போடும்போதெல்லாம் முன் சீட்டுக்காரர் செருப்பை நோக்கி ஓடுகிறது. கண்டக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை நின்றுவிட்டார். "ஆபீசுக்குப் போற மாதிரி இருக்கீங்க, நாத்து ஏத்திக்கிட்டு வர்றீங்களேம்மா" என்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாம், வேணாம், சேல வீணாப்போயிரும்" என்று அவரே சாக்கைக் காலால் நகர்த்தி ஓரமாக வைத்தார்.

பிடுங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகாத நாற்றுக்கு ஒரு வாசனை உண்டு. பச்சையும் சேறும் லேசான புளிப்பும் கலந்தது. பெரம்பலூரில் என் அறையைச் சுற்றி மக்காச்சோளமும் பருத்தியும்தான். அங்கே இந்த வாசனை வருவதில்லை. இன்று அது சாக்கிலிருந்து எழும்பி வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். பஸ் குலுக்குவதால் எழுத்து கோணலாக இருக்கும். நான் நட்ட வரிசையைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் மருதாணி. அடுத்த ஐப்பசியிலும் மருதாணி அரைத்தீர்கள். அது கால் விரலிடுக்குகளுக்கு. நாள் முழுக்கச் சேற்றில் நின்று விரலிடுக்கு வெந்துபோயிருந்தது. அம்மாவும் நீங்களும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஒருவருக்கொருவர் அப்பிக்கொண்டிருந்தீர்கள். "கல்யாணத்துக்குக் கூட இம்புட்டு செவக்கல அத்த" என்று நீங்கள் சொன்னதற்கு அம்மா சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது.

நம் வீட்டில் எல்லோரும் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். காலை ஆறு மணிக்கு நடவு ஆட்கள் பதிமூன்று பேரும் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் கூடுவீர்கள். குனிந்தால் ஒரு மணிவரை நிமிர்வது தேநீருக்கு மட்டும். தூக்குவாளியில் வரும் அந்தத் தேநீரையும் முழங்கால் சேற்றில் நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி குனிவீர்கள். பின்னால் நடந்துகொண்டே, முன்னால் பார்க்காமல், கயிறு பிடித்ததுபோல நடுவீர்கள். தா.பழூர் பக்கம் உங்கள் கைநடவைக் கேட்டு அழைக்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் நட்டு முடித்த வயலில் மறுநாள் நமக்கு எந்த உரிமையும் இல்லை. கதிர் எப்படி வந்தது என்று போகிற வழியில் வரப்பிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

அதனால்தான் அந்த ஒன்றேகால் ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது அவ்வளவு பெரிய செய்தி. நிலம் ஜெயங்கொண்டத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. ஊரே அவரை 'சார்' என்றுதான் சொல்லும். அவர் உறுதியாகக் கொடுக்கவில்லை. "ஒரு வெள்ளாமை பாப்போம். வயல் சுத்தமா இருந்தா அடுத்த வருசம் மேக்கொண்டு பேசிக்கலாம்" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். அன்று முதல் நீங்கள் ஒரு நாளில் இரண்டு நாள் வேலை பார்த்தீர்கள். ஒரு மணிவரை மற்றவர் வயல். பிறகு சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நம் வயல். வரப்பு வெட்டினீர்கள், கோரை பிடுங்கினீர்கள், எருவைக் கூடையில் சுமந்து கொட்டினீர்கள். ரோட்டோர வயல் என்பதால் அதைப் பார்க்கும் கண் அதிகம் என்று உங்களுக்குக் கவலை.

நாற்றங்காலுக்குத் தனி இடம் இல்லை. கிழக்கு வீட்டு மாமா தன் நாற்றங்காலை ஒட்டி ஒரு பாத்தி கொடுத்தார். நாம் விட்டது நீண்ட நாள் நிற்கும் பொன்னி. அவர் தை பிறப்பதற்குள் அறுத்துவிட்டு உளுந்து போட வேண்டும் என்று குறுகிய நாள் நெல் விட்டிருந்தார். நடுவில் ஒரு சாண் வரப்பு. அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய ஆமணக்குக் குச்சி ஒன்று.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அது. ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவளை நம் வயல் நடவுக்கு அழைத்துப் போனீர்கள். கூலி கிடையாது, மற்றவர்கள் நமக்கு நட்டால் நாம் அவர்கள் வயலுக்குத் திருப்பி நட வேண்டும் என்ற ஏற்பாடு. அதனால் கைக்குக் கை வேண்டியிருந்தது. எனக்கு இடம் உங்களுக்கு இடப்பக்கம். நான் நட்டதை நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"எங்க படிப்பாளி நட்ட வரிசையில நண்டு வந்தா வழி தெரியாம நிக்கும்."

பதிமூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாவும்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது, அண்ணி. அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை.

மதியத்துக்குமேல் ரோட்டுப் பக்க மூலையில் நாற்று போதவில்லை. மூன்று சென்ட் போல மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்து, "ஒரு பன்னெண்டு முடி புடுங்கிட்டு வா. குச்சிக்கு இந்தாண்ட நம்மளது" என்றீர்கள். நான் போனேன். இரண்டு நாள் மழையில் நடு வரப்பு கரைந்திருந்தது. குச்சி விழுந்து, துணி சேற்றில் கிடந்தது. முந்தைய நாள்களில் நாற்றுப் பிடுங்க நான் வந்ததே இல்லை. ஒரு பக்கம் நாற்று மஞ்சளடித்து நீரில் சாய்ந்து நின்றது. இன்னொரு பக்கம் கருகருவென்று பச்சை. எது நம்முடையது என்று தெரியவில்லை.

கேட்க வேண்டிய தூரம் இரண்டு வயல்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். பதிமூன்று முதுகுகளும் குனிந்திருந்தன. நான் கத்தினால் அத்தனையும் நிமிரும், மறுபடி ஒரு சிரிப்பு எழும். நாற்று தெரியாத நடவுக்காரி மகள். நான் பச்சையாக இருந்த பக்கம் குனிந்து பிடுங்கினேன். பன்னிரண்டு முடி. நீங்கள் வாங்கி அவிழ்த்து நட்டீர்கள். நடும்போது நடுவில் ஒருமுறை நிறுத்தி இடுப்பில் கை வைத்து நின்றீர்கள். இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டேன்.

வயலில் செய்த தவறு உடனே தெரிவதில்லை. இரண்டு மாதம் அது பச்சையாகவே இருந்து ஏமாற்றும். கார்த்திகைக் கடைசியில் பரீட்சை முடிந்து வந்தேன். பஸ் நம் வயலைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒன்றேகால் ஏக்கரும் ஒரே பச்சைத் தோகையாக நிற்க, ரோட்டோர மூலை மட்டும் கதிர் வெளியே தள்ளி, தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. நான் நாற்றைச் சுமந்துபோன மூலை. யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. நான் பிடுங்கியது மாமாவின் நாற்று.

அந்த வாரம் முழுக்க வரப்பில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். "ஒரே வயல்ல ரெண்டு அறுப்பா? எங்களுக்கும் அந்த வெதய குடுங்களேன்" என்றார் ஒருவர். நம் நடவு ஆட்களில் ஒருத்தி, சார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று இழுத்தாள். நடவு நடந்த நாளில் அண்ணன் வரவில்லை. வேறொரு வயலில் உழவில் இருந்தான். இப்போது அவன் வயலைச் சுற்றி வந்து, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டான்.

"இந்த மூலைக்கு நாத்து யாரு கொண்டாந்தது?"

அம்மா, நீங்கள், நான், நடவில் இருந்த இரண்டு பேர் அங்கே நின்றோம். எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்க முயன்றேன். குனிந்து வரப்புப் புல்லைக் கிள்ளினேன். நீங்கள் களைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே, சாதாரணமாக, குழம்புக்கு உப்பு போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

"நாந்தான் அங்க புடுங்கச் சொன்னேன். நம்ம பாத்தியில மிச்சம் அழுவிக் கெடந்துச்சு."

"ஒனக்கு நாத்து தெரியாதா? அது நாள் கொறஞ்ச நெல்லு."

"அவசரத்துல தோணல."

"அப்ப சாருகிட்ட நீயே சொல்லிக்க" என்று அண்ணன் போய்விட்டான். இரண்டு நாள் உங்களிடம் பேசவில்லை. தா.பழூரில் எல்லோரும் கேட்டு அழைத்த கை, நாற்று மாற்றி நட்டுவிட்டது என்று ஊருக்குள் பேச்சானது. அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மதகுக்குப் போனீர்கள். நான் வீட்டில் இருந்தேன். படித்த புத்தகங்களில் தைரியசாலிகளைப் பற்றி எவ்வளவோ அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

மார்கழி பிறந்ததும் குருவிகள் வந்தன. சுற்றுவட்டாரத்தில் பால் பிடித்த கதிர் என்று பார்த்தால் மாமா வயலும் நம் மூலையும்தான். மாமா வயலில் வலை. நம் மூலைக்கு உங்கள் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டினீர்கள். குருவிகள் அதன்மேலேயே உட்கார்ந்தன. பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"லீவுதானே? பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வயலுக்கு வா."

வரப்பில் குடை விரித்து உட்கார வைத்தீர்கள். கையில் ஒரு தகர டப்பா கொடுத்தீர்கள். நான் படிப்பில் மூழ்கினால் தட்ட மறந்துவிடுவேன் என்று அரை மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். நடுவயலில் களை பறித்தபடியே சத்தம் போட்டீர்கள்.

"சத்தமா படி. குருவியும் ஓடும், நானும் கேப்பேன்."

அப்படித்தான் அந்த மார்கழியில் நான் ஒரு நாவலை முழுதாக ஒரு வயலுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் முந்தைய நாள் எங்கே விட்டோம் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நினைவிருக்கும். கதையில் ஒருத்தி கணவனுக்குப் பயந்து ஒரு கடிதத்தை ஒளித்து வைத்த இடம் வந்தபோது, களை பறிப்பதை நிறுத்திவிட்டு, "எதுக்கு ஒளிக்கிறா? சொல்லிப்புட்டா என்ன, கொன்னா போடுவான்?" என்றீர்கள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னீர்கள். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

போகிக்கு நாலு நாள் முன்னால் அந்த மூலை முற்றிவிட்டது. விட்டால் மணி உதிரும். மற்ற வயல் தை கடைசிக்குத்தான். அறுப்பு மிஷின் மூன்று சென்ட்டுக்கு இறங்காது, இறங்கினால் பச்சைப் பயிரை மிதிக்கும். நீங்களும் நானும் அரிவாள் எடுத்துப் போனோம். காலைப் பனியில் தாள் ஈரமாக இருந்தது. அறுத்த தாளை இரண்டு அரியாகப் போட்டிருப்போம். இனி தாங்காது என்று தோன்றி, நிமிராமலே சொன்னேன்.

"அண்ணி, எனக்கு எது நம்ம பாத்தின்னு தெரியல. கேக்காம புடுங்கிட்டேன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது முடிய அவுக்கும்போதே. தண்டு பருமனா இருந்துச்சு."

இடுப்பில் கை வைத்து நின்றீர்களே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. தெரிந்துமா நட்டீர்கள் என்று கேட்டேன். நீங்கள் அறுப்பதை நிறுத்தவில்லை. நம் பாத்தியில் இருந்தது அழுகிய நாற்று, அதைக் கொண்டுவந்திருந்தால் மூலை சொட்டையாக நின்றிருக்கும், மறுநாள் எல்லோரும் வேறு வயலுக்குப் போக வேண்டும், வேறு வழி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். மாமாவிடம் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டீர்களாம். அவருக்கு அது மிச்ச நாற்றுதானாம். பிறகு சொன்னீர்கள்.

"நானும் அன்னிக்கு நண்டுக் கத சொல்லியிருக்கக் கூடாது. ஒன் மூஞ்சி சுருங்குனதப் பாத்தேன். ஆனா நீ கேட்டிருக்கணும் புள்ள. கேட்டிருந்தா, ரெண்டு பேருமா சேந்து தப்பு பண்ணியிருக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொல்லியிருக்க வேண்டும். அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைக் கட்டத்தான் தெரிந்தது.

கல்லில் அடித்துத் தூற்றியதில் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக நெல் வந்தது. போகிக்கு முதல் நாள் சார் வந்தார். சைக்கிளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு முதலில் பார்த்ததே அந்த மூலையைத்தான். பச்சை வயலில் ஒரு மூலை மட்டும் மொட்டையடித்ததுபோலத் தாளாக நின்றது. அண்ணன் முந்திக்கொண்டு, மாட்டுக்குத் தீனி இல்லை, பச்சையாக அறுத்துப் போட்டோம் என்று ஆரம்பித்தான். சார் குனிந்து தாளைப் பார்த்தார். காய்ந்த தாள். நீங்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். "இல்லீங்க சார், நான்தான்" என்று தொடங்கினீர்கள். அடுத்த வருடம் நிலம் உண்டா இல்லையா என்பது அந்த வாக்கியத்தின் முடிவில் நின்றது. அதை நீங்கள் முடிக்க விட்டிருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுதும் முகம் எனக்கு இருந்திருக்காது.

"நான்தான் சார்" என்றேன். "நாத்து மாத்திப் புடுங்கிட்டேன். இது நாள் கொறஞ்ச நெல்லு. முத்திருச்சு, அறுத்துட்டோம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். உங்களைப் பார்த்தான்.

"யாரையாவது கேட்டிருக்கலாமே?" என்றார் சார்.

"கேக்க வெக்கமா இருந்துச்சு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசம் வகுப்புல இதைத்தாம்மா பாத்தேன்" என்றார். பிறகு வரப்பிலேயே வயல் முழுதும் சுற்றினார். களை இருக்கிறதா என்று இரண்டு இடத்தில் இறங்கியும் பார்த்தார். திரும்பி வந்து, "அறுத்து முடிங்க. பாப்போம்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் குத்தி வைத்திருந்த புது அரிசியில் ஒரு படி கொண்டுவந்து நீட்டினீர்கள். துண்டில் வாங்கி முடிந்துகொண்டார்.

அந்த வருடம்தான் நம் வீட்டில் நாமே விளைவித்த அரிசியில் முதல் பொங்கல். அதுவரை ரேஷன் அரிசிதான். புது அரிசி குழைந்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு, பசைபோல வந்தது. அண்ணன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "படிச்ச புள்ள நெல்லு ருசியாத்தான் இருக்கு" என்றான். அவன் உங்களிடம் மன்னிப்புக் கேட்ட விதம் அது என்று பிறகு சொன்னீர்கள். மாசியில் களம் காலியான பிறகு சார் ஆள் அனுப்பினார். நிலம் உங்களிடமே இருக்கட்டும் என்று.

அடுத்த வருடம் நாற்று விடும்போது, மாமாவிடம் நீங்களே கேட்டுப் பன்னிரண்டு முடி குறுகிய நாள் நாற்று வாங்கி, அதே மூலையில் வேண்டுமென்றே நட்டீர்கள். பொங்கலுக்கு அரிசி வேண்டுமே என்றீர்கள். வரப்பில் போகிறவர்கள் கேட்டால், "அது எங்க படிச்ச புள்ள மூலை" என்று சொல்லிவிடுவீர்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தப் பெயரைக் கேட்க விடுமுறைக்காகக் காத்திருந்தேன். வேலை கிடைத்த பிறகும் மார்கழியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, ஒரு புத்தகத்தோடு வந்து வரப்பில் உட்காருவேன். எத்தனை கதை அந்தக் குருவிகளுக்கு.

கடந்த பங்குனியில் மூன்று வாரக் காய்ச்சல். அவ்வளவுதான், உங்களை எடுத்துக்கொள்ள அதற்குத் தேவைப்பட்ட காலம். ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டபோது நக நுனியில் பழைய மருதாணிக் கறை மங்கலாக இருந்தது.

போன வாரம் அண்ணன் போன் செய்தான். இந்த வருடம் மிஷின் நடவு, ஆள் கிடைக்கவில்லை என்றான். மூலைக்கு மிஷின் திரும்பாது, மாமாவும் இப்போது அந்த நெல் விடுவதில்லை, கிடக்கட்டும் விடு என்றான். கடைசி வார்த்தையில் அவன் குரல் சரியாக இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவர் ஊர் கீழப்பழுவூர். அவர் வீட்டு நாற்றங்காலில் கேட்டேன். இது என்ன நெல், எத்தனை நாள், எந்தப் பாத்தி, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நான் கேட்ட கேள்விகளில் அவர் அம்மாவுக்கு அலுப்பு வந்துவிட்டது. "நாலு தரம் சொல்லிட்டேன் கண்ணு" என்றார். ஐந்தாவது முறையும் கேட்டேன்.

ஜெயங்கொண்டம் வந்துவிட்டது. பஸ் மாற வேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

*

வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் இன்னும் சேற்று வாசனை. நகத்தில் கறுப்பு.

அண்ணன் கூடவே வந்து நாற்று முடிகளை மூலையில் அங்கங்கே வீசினான். அவனே இறங்கப் பார்த்தான். நான் நடுகிறேன் என்றேன். பின்னால் நடந்து, பார்க்காமல், நட முயன்றேன். அரைமணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஏழு மணி நேரம் நின்ற நிலை அது. நடுவில் ஒரு பிடி நாற்று மற்றதைவிடச் சன்னமாகப் பட்டது. நின்றேன். அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இது சரியா இருக்கான்னு பாரேன். எனக்குத் தெரியல."

அவன் வரப்பிலிருந்து இறங்கி, வாங்கிப் பார்த்து, தண்டை விரலால் உருட்டி, "இளசு. அவ்வளவுதான். நடு" என்றான்.

நட்டு முடித்துக் கரையேறி இரண்டு பேரும் பார்த்தோம். மிஷின் நட்ட வரிசைகள் கோடு போட்டதுபோல வந்து, அந்த மூலையில் நின்றுவிட்டன. அங்கிருந்து என்னுடையவை வளைந்தும் நெளிந்தும் போயின. வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நண்டு வந்தது. முதல் வரிசைக்கு முன்னால் நின்றது. வெகுநேரம் நின்றது, அண்ணி.

அண்ணன்தான் முதலில் சிரித்தான்.